ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்

புரட்டாசி 9, திங்கள்

காலையிலிருந்து மேகமூட்டம். நாவல் கொட்டை காயவில்லை. மாடியில் விரித்து, தூறல் என்று அள்ளி, மறுபடி விரித்து. ஈரம் இருந்தால் மில்லுக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இன்றைய வேலை: சிறுகுறிஞ்சான் இலை ஆய்வது. ஆவாரம்பூ மூட்டை எப்போது வரும் என்று தம்மம்பட்டிக்காரருக்கு மெசேஜ். ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது. வாட்ஸ்அப் பதில்.

நேற்றைய ஞாயிறு டெஸ்ட் வீடியோ நன்றாக ஓடுகிறது. அப்பா எப்போதும்போல விரலைக் குத்தி, சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் மிஷினில் வைத்து, நம்பரைக் காட்டினார். "போர் போடற ரிக் வண்டியில வடக்க ஓடீட்டிருந்தப்ப இதே மிஷினு நானூறு காட்டுச்சுங்க. இப்பப் பாத்துக்கங்க. மாத்திரையில்லீங்க, ஊசியில்லீங்க. நம்ம பொடி மட்டுந்தான்." வாராவாரம் இதே வார்த்தை. போனைப் பிடிப்பது நான். முகம் எதிலும் வராது. அதனாலேயே பிடித்த வேலை.

வாட்ஸ்அப்பும் அப்படித்தான். பத்தாவது பாதியில் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து பதில் போடுவது நான். நேரில் யாராவது பேர் கேட்டாலே வாய் ஒட்டிக்கொள்ளும். டைப் பண்ணினால் ஒன்றும் இல்லை. எல்லோரும் என்னை சார் என்கிறார்கள்.

எடப்பாடியிலிருந்து சரோஜா அக்கா கேட்டிருந்தார். தறி ஓட்டுகிறவர். வாய்ஸ் மெசேஜில் பின்னால் தறி அடிக்கும் சத்தம். "சார், எனக்கு ஊசியும் இருக்குது, மாத்திரையும் இருக்குது. உங்க ஐயா மாதிரி எல்லாத்தையும் உட்டரலாமுங்களா?"

அப்பாவிடம் கேட்டேன். "நாம உடுன்னும் சொல்ல வேண்டாம், வேண்டாம்னும் சொல்ல வேண்டாம். என்னையப் பாத்து அவிங்களே முடிவு பண்ணிக்கட்டும்னு போடு."

போட்டேன்: "ஐயா நிறுத்திவிட்டார். நன்றாக இருக்கிறார். முடிவு உங்களுடையது." பச்சை இலை எமோஜி இரண்டு சேர்த்தேன்.

புரட்டாசி 11, புதன்

வெயில். கொட்டை காய்ந்தது.

எழுதவா வேண்டாமா.

காலையில் தண்ணீர் பிடிக்கச் சீக்கிரம் எழுந்தேன். அம்மா சமையலறையில் முதுகு காட்டி நின்றுகொண்டு டம்ளர் அடியால் எதையோ நுணுக்கிக்கொண்டிருந்தார். ஏலக்காய் என்று நினைத்தேன். வெள்ளைப் பொடி. அப்பாவின் பொடிக் கஷாயத்தில் போட்டுக் கலக்கினார். பக்கத்தில் சர்க்கரை மாத்திரை அட்டை. பேரைப் படித்தேன்.

அம்மா பயப்படவில்லை. "கதவச் சாத்து" என்றார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குத் திருச்செங்கோடு போகிறாரே, அப்போது பழைய சீட்டைக் காட்டி வாங்கி வருகிறாராம். கஷாயமே கசப்பு, மாத்திரைக் கசப்பு அதில் தெரியாது. அப்பா ஊருக்கு வந்த புதிதில் எல்லா அட்டையையும் கிணற்றில் எறிந்தாரே, அடுத்த வாரத்திலிருந்தே.

"உங்கப்பா வடக்க மயங்கி உளுந்து, லாரி ஆபீஸ்ல இருந்து எனக்குத்தான் போனு வந்துது. நீ அப்ப சின்னப் புள்ள. ரோசக்கார மனுசன். சொல்லிக் குடிப்பாரா? நீயே சொல்லு."

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்படியானால் எல்லா ஞாயிறும்.

அப்பா கஷாயத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னிக்குச் சரியான பக்குவம்" என்றார்.

புரட்டாசி 12, வியாழன்

மில்லுக்குப் போனேன். தும்மல். தலையெல்லாம் பொடி.

மத்தியானம் சரோஜா அக்கா: "சார், உட்டுட்டேனுங்க. திங்கக்கிழம ராத்திரியிலிருந்து ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்ல. உங்க மெசேஜப் பாத்ததும் மனசுக்கு ஒரு தைரியம்."

என் மெசேஜ்.

அம்மாவிடம் காட்டினேன். அடுப்பைத் தணித்தார். "நெசத்தைப் போட்டீன்னா சாயங்காலம் உங்கப்பா படிப்பாரு. போனு அவருதுதான. அப்பறம் எங்கையில பச்சத்தண்ணி வாங்கிக்கூட குடிக்க மாட்டாரு. மாத்திரையில்லாம ரெண்டு வாரம், போதும். மறுபடியும் உளுந்தா ஆரு தூக்கறது?"

"அந்தக்காவுக்கு ஏதாவது ஆயிட்டா என்னங்கம்மா?"

"டாக்டரப் பாக்கச் சொல்லிப் போடு. பொதுவா."

பொதுவாகப் போட்டேன். "டாக்டரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளவும்." சாயங்காலம் அப்பா படித்தார்.

"ஏஞ்சாமி, ஆரு இதைப் போடச் சொன்னது?"

"நானாத்தானுங்ப்பா."

"நாம குடுக்கறதுல நமக்கே நம்பிக்கையில்லாத மாதிரி இருக்குது பாரு." கோபம்கூட இல்லை. தலையைத் தடவினார். மெசேஜை அழித்துவிட்டார்.

ராத்திரி சாப்பாட்டில் பாதியை மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். அரிசிம்பருப்புச் சாதம், பிடித்ததுதான்.

புரட்டாசி 14, சனி

ஸ்டிக்கர் வந்தது. பச்சை ரொம்ப அடர்த்தி. அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது.

பார்சல் கட்டும்போது அக்கா குரல் வந்தது. தறிச் சத்தம் இல்லை. வீட்டில் இருக்கிறார்போல. "சார், தண்ணி தாகம் தாங்கலீங்க. கண்ணு மங்கலா இருக்குது. வாந்தி வார மாதிரி. பொடி வேலை செய்யுதுன்னுதானுங்களே அர்த்தம்? உள்ள இருக்கற அழுக்கெல்லாம் இப்படித்தான் வெளிய வருமுன்னு பக்கத்தூட்டுல சொல்றாங்க. நாளைக்கு உங்க லைவைப் பாத்தா எனக்குத் தெம்பாயிருமுங்க. ஒரு வாரங்கூட உட்டதில்ல."

அப்பாவும் கேட்டார். முகமெல்லாம் சந்தோஷம். "பாத்தயா? கழிவு வெளியேறுது. இன்னுங் கொஞ்சநாளு பல்லக் கடிச்சுக்கச் சொல்லு."

அப்பா பொய் சொல்லவில்லை. அப்பா அப்படியே நம்புகிறார். தன் உடம்பில் பார்த்ததைத்தான் சொல்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

அவர் குளிக்கப் போனதும் அடித்தேன்: "அக்கா ஊசி போடுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கழிவு இல்லை." ஒரே டிக். பத்து நிமிஷம் கழித்தும் ஒரே டிக், போய்ச் சேரவில்லை. அப்பா வருவதற்குள் நான் பார்க்கும் பக்கத்தில் மட்டும் அழித்தேன்.

அப்புறம் போன் பண்ணினேன். ஸ்விட்ச் ஆஃப். எடுத்திருந்தால் பேசியிருப்பேனா என்று தெரியவில்லை.

புரட்டாசி 15, ஞாயிறு

வெயில். காற்று. லைவுக்காகப் பின்னால் கட்டிய துணி பறந்துகொண்டே இருந்தது, கல் வைத்தேன்.

லைவ். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. விரலைக் குத்தினார். நூற்றுப் பத்து. எப்போதும்போல மிஷினை போன் பக்கம் திருப்பினார். அம்மா கதவோரம். கீழே கமெண்ட் ஓடிக்கொண்டிருந்தது. கும்பிடு, பூ, "மேச்சேரிக்கு அனுப்புவீங்களா".

அதன் பிறகு அப்பா புதிதாக ஒன்று சொன்னார். "எடப்பாடில ஒரு அம்மா, என்னையப் பாத்து ஊசியவே உட்டுட்டாங்க. தைரியம் வேணுமுங்க, தைரியம். நீங்களும்..."

"அப்பா மாத்திரை சாப்பிடறாருங்க."

என் குரல்தான். போனுக்குப் பின்னாலிருந்து.

அப்பா சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்.

"தெனமும் சாப்பிடறாரு. அவருக்கே தெரியாது. அம்மா கஷாயத்துல கலந்து குடுக்கறாங்க. எடப்பாடி அக்கா, நீங்க பாத்துட்டிருந்தா ஊசி போடுங்க. ஆருமே நிறுத்தாதீங்க." படம் முழுக்க ஆட்டம்.

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். லைவை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை.

"ஆமாங்க" என்றார் அம்மா.

"எப்பிருந்து?"

"நீங்க கெணத்துல போட்டதுல இருந்துங்க."

அப்பா மிஷினைத் துடைத்து டப்பாவில் வைத்தார். ஊசியைத் தனியாக எடுத்துக் குப்பையில் போட்டார். மாடிக்கு ஏறிப் போனார். கொட்டையைக் கிளறும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. மில்லுக்குப் போக மிச்சம், புதன்கிழமையே காய்ந்துவிட்ட கொட்டை.

அம்மா என்னிடம் "சொல்லீட்டயா" என்றார். திட்டவில்லை. போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்.

கமெண்டில் சிலபேர் திட்டு. ஒருவர்: "நாடகம் சூப்பர்."

அக்காவுக்கு மறுபடி அனுப்பினேன். இன்னும் ஒரே டிக்.

புரட்டாசி 16, திங்கள்

அப்பா பேசவில்லை. கஷாயம் அடுப்பு மேலேயே இருந்தது, ஆடை கட்டி. சாப்பாடு மட்டும் சாப்பிட்டார், அதுவும் தானே போட்டுக்கொண்டு. அம்மா சொன்னது நடந்துவிட்டது.

பார்சல் கட்டவில்லை. அந்தப் பச்சை ஸ்டிக்கரில் "மாத்திரை இல்லா வாழ்வு" என்று இருக்கிறது. கட்டுக்கட்டாக.

மத்தியானம் மறுபடி போன் பண்ணினேன். எடுத்தது அக்காவின் மகள். சனிக்கிழமை சாயங்காலமே அக்கா பேச்சுமூச்சில்லாமல் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். டிரிப்ஸ் ஏறுகிறது. இன்றுதான் கண் திறந்தாராம். "நீங்க ஆருங்க?"

"பொடிக் கம்பெனி" என்றேன். உடனே வைத்துவிட்டார்.

அப்பா பின்னால் நின்றிருந்தார். "எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டயா?"

"இல்லீங்ப்பா."

"மறுபடியும் போடு. கேளு."

புரட்டாசி 17, செவ்வாய்

அப்பாவோடு பைக்கில் எடப்பாடி. சாத்துக்குடி வாங்கினோம், வார்டு வாசலில் நின்றபோதுதான் இது கொடுக்கக் கூடாதோ என்று தோன்றியது. அப்பா பையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அக்கா நான் நினைத்ததைவிட ஒல்லி. கையில் குழாய். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அப்பாவை அடையாளம் கண்டுபிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். மகள் எங்களைப் பார்க்கவே இல்லை.

"ஐயா, நீங்களே வந்துட்டீங்களா. சாரும் வந்திருக்காருங்களா?"

"பதில் போட்டதெல்லாம் எம்பொண்ணுதானுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். "இத்தனூண்டு புள்ளையா" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அக்கா லைவைப் பார்க்கவில்லை. ஒன்றும் தெரியாது. "நாந்தேன் பாதியில பயந்துட்டேன் போல. கழிவு முழுசும் வெளியேறியிருந்தா இந்நேரம் உங்களாட்டம் ஆயிருப்பேன். இல்லீங்களா ஐயா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கட்டில் காலைப் பார்த்தேன்.

"நான் மாத்திரை சாப்பிட்டுட்டுத்தானுங்க இருந்திருக்கறேன். எனக்கே தெரியாம. ஊட்டுல கலந்து குடுத்திருக்காங்க. பொடியில ஒண்ணும் நடக்கலீங்க."

அக்காவுக்குப் புரிய நேரமானது. அப்பா மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"அப்ப உங்களுக்கு ஊட்டுல ஆளு இருந்துது" என்றார் அக்கா. மெதுவாகத்தான் சொன்னார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகள் எழுந்து, "போதுமுங்க, கெளம்புங்க" என்றார்.

திரும்பும் வழியில் சங்ககிரி தாண்டினோம். மருந்துக் கடை ஒன்றின் முன்னால் அப்பா வண்டியை நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை.

"அந்த மாத்திரை பேரு என்ன?"

சொன்னேன்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.