அப்பாவின் நூற்றுப் பன்னிரண்டு

1983, மே 9
அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். நூற்றுப் பன்னிரண்டு. வெள்ளியங்கிரிப் பெரியப்பா டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். “தம்பிக்கு நூத்துக்கு மேல வந்திருக்குதுங்க.” அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் எனக்குத் தொண்ணூற்றாறு வந்தபோது அவர் டீக்கடைக்குப் போகவில்லை.

மே 12
சேலம் போனோம். டாக்டர் பெரியப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். எக்ஸ்ரே என் கையில் இருந்ததால் நானும் நுழைந்தேன். சிறுநீரகத்தில் புற்று. நுரையீரலுக்கும் போய்விட்டது. இனி அறுத்துப் பயனில்லையாம்.

வெளியே வந்ததும் பெரியப்பா அப்பாவிடம், “கல்லுதான் மருதாசலம். வாழைத்தண்டுச் சாறு குடிச்சாக் கரைஞ்சிரும்” என்றார். என்னைப் பார்த்து முறைத்தார்.

பையை மறந்ததுபோல் திரும்பப் போய் டாக்டரிடம் அந்த எண்ணைப் பற்றிக் கேட்டேன். “ரத்தத்தை நீளக் குழாயில் நிறுத்தி வைப்போம். ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குதுன்னு பார்க்கிறது. உடம்பில் அழற்சி இருந்தா வேகமா இறங்கும். சாதாரணக் காய்ச்சலுக்கும் ஏறும். ஆனா இந்த நோய் பரவின பிறகு இவ்வளவு இருந்தா, பெரும்பாலும் நாள் குறைச்சல்.” அதற்கப்புறம்தான், “உனக்கு என்ன வயசு?” என்றார்.

மே 15
ஊரில் ஒரு தோட்டத்திலும் வாழை மிச்சமில்லை.

மே 20
நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டிக்காரர் மகனுக்கு என்னைக் கேட்கிறார்கள். பெரியப்பா ஏற்பாடு. “பொட்டப்புள்ளைக்குப் பிளஸ் ஒன் எதுக்கு?” கோயிலில் பூக்கேட்டார்கள். வெள்ளைப்பூப் பொட்டலம் வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தது. சாமி சரியாகக் கவனிக்கவில்லை என்று மறுபடி கேட்டார்கள். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை சாமிக்கே அலுத்துவிட்டது போல, வெள்ளை.

மே 27
அம்மா கடைக்குப் போயிருந்தபோது அப்பா கூப்பிட்டார். கைக்கடிகாரம் முழங்கை வரை நழுவுகிறது.

“ஏஞ்சாமி, வெறுங் கல்லுக்கு உங்க பெரியப்பன் எதுக்குக் கண்ணாலத்துக்குப் பறக்கறான்?”

நான் கடிகாரத்தை மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டேன்.

“போர் போடற ரிக் வண்டி ஓட்டுன நாள்ல இருந்து எந்தப் பார்ட்டியையும் நா ஏமாத்துனதில்ல. தண்ணி வராம புழுதி வந்தா, புழுதின்னு சொல்லிப்போடுவேன். நீயும் சொல்லு.”

சொல்லிவிட்டேன். புற்று, குழாய், சிவப்பு இறங்குவது, எல்லாம். ஏன் சொன்னே என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவரு மூஞ்சியப் பாக்கவே முடியலயே — கேட்டாரே, பின்ன பொய்யா சொல்றது?

அப்பா, “அப்ப அது மார்க் இல்ல” என்றார். பிறகு, “பெரியப்பங்கிட்ட அந்த நம்பரப் பத்திச் சொல்லாத. பாவம், சந்தோசமா இருக்கறான்.”

ஜூன் 16
மண்டிக்காரர் வீட்டார் தட்டு மாற்ற நாள் குறிக்க வந்தார்கள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “எனக்கு வந்திருக்கறது புத்துங்க. கல்லு இல்லீங்க. நா இருக்கறப்பவே எம்புள்ளையப் பள்ளிக்கோடத்துல சேத்தோணும்.” அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

“சாமி வெள்ளப்பூ குடுத்துதேடா” என்றார் பெரியப்பா.

“மொதல்ல ரெண்டு சிவப்பும் குடுத்துதல்லண்ணா.”

சாயங்காலமே பள்ளிக்கூடம் போனோம். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். பிளஸ் ஒன், உயிரியல் பிரிவு. அப்பாவின் கையெழுத்துக் கோணலாக வந்தது.

ஆகஸ்ட் 30
அப்பாவின் காரியம் முடிந்தது. வந்தவர்களுக்கு வாழைத்தண்டுப் பொரியல்.

1984, நவம்பர் 4
பெரியப்பாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். சீட்டை அம்மாவிடம் காட்டாமல் நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். “நீ பாத்துச் சொல்லு சாமி.” பூக்கேட்டுப் பார்த்தீர்களா என்று நாக்கு நுனி வரை வந்தது.

“ஈ.எஸ்.ஆர். இருபத்திரண்டுங்க பெரியப்பா. பயப்பட ஒண்ணுமில்லீங்க.”

சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“இருபத்திரண்டுதானா? தம்பி நூத்துப் பன்னண்டு வாங்குனானே.”