மைக்கில் விட்டுப்போன வரி

பாப்பாவோட அப்பாவுக்கு,

குழம்பு அடுப்பு மேல இருக்கு. கோபம் இருந்தாலும் சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

சர்க்கரை டப்பாவுல நீங்க ஒளிச்சு வச்ச கேட் சாவியை எடுத்துப் பாப்பாகிட்ட குடுத்துட்டேன்.

"சுகாதாரத் துறையே சொல்லுது, பிள்ளைங்களை வெளிய விடாதீங்கன்னு"ன்னு நேத்து எனக்கே பாடம் நடத்துனீங்க. தெருத் தெருவா வர்ற அந்தச் சுகாதாரத் துறை வண்டியில மைக் பிடிச்சுப் பேசறது யாரு? உங்க பொண்டாட்டிதானே! நான் சொல்ல வந்ததைக் காதுலயே போட்டுக்கல. நம்ம தெரு குட்டித் தெரு. 'குழந்தைகளை வெயிலில் விளையாட விடாதீர்கள்'னு நான் படிச்சு முடிச்சதும் வண்டி முனை திரும்பிடுது. 'நாலு மணிக்கு மேல் தாராளமாக விளையாடட்டும்'ங்கற அடுத்த வரி பின் தெருவுக்குத்தான் கேக்குது. அதான் அங்க பிள்ளைங்க ஓடி ஆடுதுங்க. நம்ம பிள்ளை பத்து நாளா ஜன்னல் கம்பியைப் பிடிச்சிட்டு நிக்குது.

இன்னைக்கு நாலு மணிக்கு வண்டி நம்ம வாசல்ல நிக்கும். ரெண்டாவது வரியை மட்டும் படிப்பேன். டிரைவர் அண்ணன்கிட்டயும் சொல்லியாச்சு.

பாப்பா செருப்பு வார் அறுந்திருக்கு, தைச்சு வைங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வரும்.

பி.கு.: பாப்பா தெருவுல இல்லைன்னா, மூணாவதா ஒரு வரி படிப்பேன். அதுல உங்க பேரு இருக்கும்.