கச்சான் அடிக்கும் ஓடுபாதை

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே கச்சான் காற்று. கொடியில் உம்மாவின் துணி நேராக நீட்டிக்கொண்டு நின்றது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இன்றைக்கும் தனியாகப் பறக்க விடமாட்டார்கள்.

சாய்ந்தமருதிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ். களுவாஞ்சிக்குடி வரை நின்றபடி. பின்னால் இரண்டு பெண்கள்.

"பிளேன் ஓட்டப் படிக்கிற புள்ளயாம், சாய்ந்தமருதாம்."

"அதுக்கும் லைசன் குடுக்கிறானுகளா?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டதாகக் காட்டவில்லை.

விமானத்தோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி. ஓர் இறக்கம்கூடச் சரியில்லை. தரைக்கு மேல் ஓர் ஆள் உயரம் இருக்கும்போதே மூக்கைத் தூக்கிவிடுகிறேன். வேகம் செத்து, தொப்பென்று விழுகிறது. முதுகெலும்பு வரை அடி. ஜெரோம் சேர் (என் பயிற்சியாளர், கல்லடிக்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட) கோபப்படுவதில்லை. கோபப்பட்டால் நல்லது போலிருக்கிறது. ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார்: "கிட்டப் பாக்காதீங்க ஷிபா. ஓடுபாதைட அந்தத் தொங்கல, கடைசியப் பாருங்க."

தெரியும். கண் கேட்கமாட்டேன் என்கிறது.

என்னோடு சேர்ந்த இருவரும் தனியாகப் பறந்து முடித்து, வழக்கப்படி தலையில் தண்ணீர் ஊற்றிப் படமும் போட்டாயிற்று. நான் மட்டும் மிச்சம்.

வாங்க: பென்சில், சொக்ஸ், உம்மாவுக்குப் பிரஷர் குளிசை.

ஜூலை 9, புதன்

விமானம் சேவிசில். பறப்பு இல்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மூன்று முறை அலுமாரி அடுக்கினேன். குசினிக் கதிரையில் இருந்து, சாப்பாட்டுத் தட்டைச் சுக்கானாகப் பிடித்துக்கொண்டு, றேடியோ வசனங்களைச் சத்தமாகச் சொன்னேன். உம்மா எட்டிப் பார்த்தார்.

"யாரோட கதைக்கிற?"

"டவரோட."

"டவருக்குச் சொல்லு, மீன் கழுவக் கிடக்கு எண்டு."

பின்னேரம் ராத்தா (கூடப்பிறந்த அக்கா) வீடு. அடுத்த ஒழுங்கைதான், நடந்து போகிற தூரம். மச்சான், ராத்தாவின் புருஷன், வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நஸார் மச்சான் என்னோடு நேரே கதைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் பறக்கப் போகிறேன் என்றபோது வாப்பாவிடம் வந்து வேண்டாம் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். வாப்பா கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் ராத்தா வழியாக. இன்றும் அப்படித்தான். காற்று அதிகம், நாளைக்கு இவளை ஏறவேண்டாம் என்று சொல்லு என்றார், நான் இரண்டு அடி தள்ளி நிற்கும்போதே.

நானும் ராத்தாவைப் பார்த்தே சொன்னேன், இதே காற்றில்தானே இவர் கடலுக்குப் போகிறார் என்று. மச்சானுக்குக் கேட்டது. வலையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ராத்தா என்னை முறைத்தார். தேத்தண்ணி குடிக்காமலே வந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

பின்னேரம் நல்ல பறப்பு. இரண்டு இறக்கம் மெத்தென்று. ஜெரோம் சேர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு பஸ் ஏறினேன்.

ஊர் வந்து சேர இருட்டிவிட்டது. ராத்தாவின் வீட்டு வாசல் நிறையச் செருப்பு.

மச்சானும் அவரோடு கடலுக்குப் போகிற றபீக் நானாவும் விடிய சுபஹ் தொழுதுவிட்டுப் போனவர்கள். பகல் லுஹர் தொழுகைக்குக் கரைக்கு வரும் படகு. அஸர் ஆயிற்று, மஃரிப் ஆயிற்று, வரவில்லை. போன் எடுபடவில்லை. தேடிப்போன படகுகள் இருட்டியதும் திரும்பிவிட்டன. நேவிக்குச் சொல்லியாயிற்று.

ராத்தா அழவில்லை. கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு கை விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்:

"மேலருந்து பாத்தா கடல்ல போட் தெரியுமா?"

தெரியும் என்றேன். கிட்டவென்றால் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. என்ஜின் நின்ற படகை அது எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனபடியால் யாரும் சொல்லவில்லை.

ஜெரோம் சேருக்கு மெசேஜ் போட்டேன். வாங்க, பார்ப்போம் என்று பதில்.

ஜூலை 11, வெள்ளி

ஒழுங்காக எழுத வேண்டும்.

ஜெரோம் சேர் எனக்கு முதலே வந்து, பறப்புப் பள்ளிப் பொறுப்பாளரிடமும் டவரிலும் கதைத்து, பயிற்சிப் பறப்பாகக் கரையோரம் ஒலுவில் வரை போய்வர அனுமதி எடுத்து வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் மிதவை அங்கி. ஒரே நிபந்தனை: என்ஜின் நின்றால் சறுக்கிக் கரை சேரக்கூடிய தூரம் மட்டும். எங்களுடையது ஒற்றை என்ஜின்.

தெற்கே போகும்போது கடல் என் பக்கம். சேர் ஓட்டினார், நான் பார்த்தேன். கல்லாறு, மருதமுனை, கல்முனை. எங்கள் பள்ளிவாசல் மினாரா தெரிந்தது, ஒழுங்கை தெரிந்தது. ராத்தா வீட்டு முற்றத்தில் ஆட்கள், புள்ளி புள்ளியாக. காரைதீவு தாண்ட, உள்பக்கம் மாவடிப்பள்ளி வயல் மஞ்சளிக்கத் தொடங்கியிருந்தது. நான் கடலை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று எனக்கே ஏசிக்கொண்டேன்.

படகுகள் இருந்தன. எல்லாமே ஓடிக்கொண்டிருந்தவை, தேடிப்போன நம் ஊர்ப் படகுகள். வெள்ளை நுரை எங்கே, வெள்ளைப் படகு எங்கே என்று பிரிக்க முடியவில்லை. நூறு தரம் படகைக் கண்டேன். நூறும் நுரை.

ஒலுவில் துறைமுகத்துக் கற்சுவருக்கு மேல் திரும்பினோம். இனிக் கடல் சேர் பக்கம். சுக்கான் என் கையில். சாய்ந்தமருதுக்கு நேரே வந்ததும் கிழக்கே திருப்பினேன். சேர் தடுக்கவில்லை. உயரம் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். கரை பின்னால் மெலிந்து ஒரு கோடானது. எல்லை வந்தது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இன்னும் கொஞ்சம் சேர் என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார்.

"நீங்கதான் ஓட்டுறீங்க. என்ஜின் இப்ப நிண்டா எங்க இறக்குவீங்க? அதச் சொல்லுங்க, மறுகா போவம்."

முன்னால் தண்ணீர். நீலம்கூட இல்லை, சாம்பல். அந்தச் சாம்பலுக்குள் எங்கோ இரண்டு பேர். இறக்க இடமில்லை.

நான்தான் திருப்பினேன். சேர் திருப்பவில்லை. என் இடது கை, என் இரண்டு கால்.

இறக்கம் எப்படி இருந்தது என்று ஞாபகமே இல்லை. நல்ல இறக்கம் என்று சேர் சொன்னார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம் வீடு. ராத்தா கதவடியில் நின்றார். ஒன்றும் காணவில்லை என்றேன்.

"எவ்வளவு தூரம் போன நீ?"

சொன்னேன்.

"அதுக்கங்கால?"

போகவில்லை என்றேன். ராத்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தட்டவில்லை நான்.

ஜூலை 12, சனி

ஒன்றும் இல்லை. நேவிப் படகு போயிருக்கிறது. வாப்பா கடற்கரையிலேயே. உம்மா தொழுகைப் பாயில்.

நான் ஒழுங்கையில் மேலும் கீழும் நடந்தேன். ராத்தா வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பாத்திரத்தை வாங்கினது பக்கத்து வீட்டு மாமி. ராத்தா உள்ளே இருந்து வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் உயரம் எடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் தூரம். முதலே எடுத்திருக்கலாம். முதலே ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லை.

காற்று ஓயவே இல்லை. கூரைத் தகரம் தடதடவென்று.

ஜூலை 13, ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ்.

ஒலுவிலிலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலநாள் படகு ஒன்று அவர்களைக் கண்டு ஏற்றியிருக்கிறது. இரண்டு பேரும் உயிரோடு. வாப்பா போனைக் காதில் வைத்தபடி மணலில் குந்திவிட்டாராம். உம்மா ஒழுங்கை முழுக்க ஓடினார், பெற்றோல் செட் வரை ஓடியிருப்பார், நான் பிடித்து நிறுத்தினேன்.

ஆஸ்பத்திரி. சேலைன் ஏறுகிறது. மச்சானின் உதடு வெடித்து, முகம் கறுத்து, வேறு யாரோ போல. என்ஜின் கியர் உடைந்ததாம். துடுப்பு காற்றுக்கு எடுபடவில்லையாம். ஐஸ் உருகின தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள்.

ராத்தா பக்கத்தில் இருந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

மச்சான் வீடு வந்துவிட்டார். சாக்குக் கட்டிலில் சாய்ந்து, பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார். நானும் ஒரு மூலையில். சொல்லிக்கொண்டு வந்தவர் வெள்ளிக்கிழமைக்கு வந்தார்.

வெள்ளி காலை சத்தம் கேட்டதாம். காற்று கரையிலிருந்து வருவதால் சத்தம் நன்றாகவே வந்ததாம். பிறகு கண்டார்களாம், மேற்கே, பறக்கிற இலையான் அளவு ஒரு விமானம். திரும்பும்போது செட்டை ஒரு தரம் மினுங்கியதாம். றபீக் நானா சேட்டைக் கழற்றி வீசினாராம். அது திரும்பிப் போய்விட்டதாம்.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும் அது யார் என்று. யாரும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ராத்தா குசினிக்குப் போய்விட்டார்.

எழும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"அது நான்தான் மச்சான்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னை நேரே பார்த்தார்.

ஏன் திரும்பினேன் என்று சொன்னேன். என்ஜின், கரை, தூரம். சொல்லச் சொல்ல எனக்கே அது சின்னக் காரணமாகக் கேட்டது. அவர் இடையில் மறிக்காமல் கேட்டார். என்ஜின் உடைந்த ஒருவருக்குத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று பாதியில்தான் உறைத்தது.

கடைசியில் சொன்னார்: "நான் கடும் ஏச்சு ஏசினன் புள்ள, அந்த பிளேனுக்கு. வாயால சொல்ல ஏலாது."

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. வெடித்த உதடு நோக, கையால் பொத்திக்கொண்டார். எனக்குக் கண்ணீர்தான் வந்தது.

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. ராத்தா வெளியே வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்று.

காற்று இருந்தது, சீரான காற்று. மூன்று சுற்று சேரோடு. மூன்றாவது முடிந்ததும் நிற்பாட்டச் சொன்னார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கதவைத் திறந்து பெல்டைக் கழற்றினார்.

"ஒரு சுத்து. வந்து என்னை ஏத்துங்க."

பக்கத்து இருக்கையின் பெல்டைக் கட்டி இறுக்கிவிட்டுப் போனார். அவர் புல்லில் நின்றது தெரிந்தது. சின்னதாக.

டவரோடு கதைத்தது என் குரல்தானா? தெளிவாக இருந்தது. த்ரொட்டில் முழுக்க. ஆள் குறைந்த பாரம், நினைத்ததைவிட முதலே தரையை விட்டது. பிஸ்மி சொன்னேனா என்று மேலே போனபிறகு யோசித்து, இன்னொரு தரம் சொன்னேன்.

வாவி. கல்லடிப் பாலம். கடல் அங்கால் நிமிர்ந்து நின்றது. இப்போது என்ஜின் நின்றால் எங்கே? அந்த வயல், பிறகு அந்த வெளி, பிறகு வாவியோரம். கேட்க ஆள் இல்லாமலே சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் வெறும் இருக்கை. பயம் இருந்ததா? பயப்பட நேரம் இல்லை.

இறக்கம்: கொஞ்சம் உயரம். தொங்கிற்று. மூக்கை மெல்ல விட்டேன், பொறுத்தேன், சக்கரம் தொட்டது. ஒரு சின்னத் துள்ளல். நின்றது.

தலையில் ஒரு வாளித் தண்ணீர். முக்காடு முழுக்க நனைந்து, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தள்ளி இருந்தார். வாப்பா போனில் மூச்சு மட்டும் விட்டார்.

இனி எல்லாம் அமைதியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நாளைக்கே மறுபடி ஏற வேண்டும் போலிருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு மச்சான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். படகுக்குப் புது கியர் வருகிறதாம். கிழமை முடியக் கடலுக்குப் போவாராம். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்பவர் இல்லை.

"மேலருந்து பாக்கிறவனுக்கு என்ன கலர் தெரியும்?"

ஒரேஞ் என்றேன். படகில் விரிக்கிற துணி எவ்வளவு பெரிசு வேண்டும் என்று கேட்டார். தெரியாது. ஜெரோம் சேருக்குப் போன் அடித்துக் கேட்டேன். கடையில் இருக்கிற பெரிசெல்லாம் காணாது, போதவே போதாது, படகை மூடுகிற அளவுக்கு விரிக்க வேண்டும் என்றார்.

கல்முனைக் கடைத்தெருவில் வெயிலில் அலைந்து ஒரேஞ் துணி வாங்கினேன். கடைக்காரர் கல்யாண வீட்டுப் பந்தலுக்கா என்று கேட்டார். ஓம் என்றேன்.

ராத்தா தையல் மெசினை முன்னறைக்கு இழுத்து வைத்திருந்தார். நான் துணியைத் தரையில் விரித்துப் பிடித்தேன். அவர் தைத்தார். ஓரம் முடிந்தது, நடுத் தையல் முடிந்தது. எழும்பி, ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை நான். அறைக்குள் இடம் காணாமல் முற்றத்துக்குக் கொண்டுபோனோம். காற்று அள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. இருவரும் காலூன்றி இழுத்துப் பிடித்தோம்.

"காணுமா?"

போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் சொல்.

காணாது என்றேன். இன்னும் இரண்டு பாட்டம் துணி போட்டுத் தைக்கச் சொன்னேன்.