காம்பவுண்டு ஓரத்துச் செடி

கணபதி, கோவை
4.6.2025

அன்புள்ள வர்ஷினி கண்ணுக்கு,

சித்தி கோகிலாமணி எழுதறேன். நல்லா இருக்கியா? போன் எடுக்கமாட்டேங்கற, அதனாலதான் கடுதாசி. உங்கப்பா காரியம் முடிஞ்சு நீ ஓசூருக்குப் போய் நாலு மாசமாச்சு. குத்தமாச் சொல்லலை, சும்மா எழுதறேன்.

ஊட்டுக்குப் பின்னால சாக்கடைக் குழாய் பதிக்கறாங்க. இந்த மாசக் கடைசியில காம்பவுண்டை இடிச்சுப்போட்டுத் தோண்டுவாங்களாம். அங்கதான் உங்கம்மா வசுமதி வெச்ச செடி நிக்குது. பேர்த்து முன்பக்கம் வெக்கலாம்னு அன்னூர் நர்சரி சென்னகேசவனுக்கு போட்டோ அனுப்பினேன். "எலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாதுங்க அக்கா. சிலதை மண்ணோட தூக்கி வெச்சாப் புடிச்சுக்கும், சிலது வேரைத் தொட்டாலே போயிரும். என்ன செடின்னு தெரிஞ்சுட்டுக் கை வெப்போம்"ன்னாரு. அது பூத்து நான் பார்த்ததே இல்லை. பேரு உனக்குத் தெரியுமா?

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

சித்தி


ஓசூர்
11.6.2025

திருமதி கோகிலாமணி அவர்களுக்கு,

கடிதம் கிடைச்சதுங்க. பேரு எனக்குத் தெரியாது.

அம்மா செத்ததுக்கப்பறம் நீங்க அந்த ஊட்டுக்கு வந்த மூணாவது மாசம் அதை அருவாள்ல அடியோட வெட்டினீங்க. எனக்கு ஏழு வயசு. ஸ்கூல் விட்டு வந்தப்பக் கெளையெல்லாம் வாசல்ல கெடந்துச்சு. அப்பறம் ஹாஸ்டலுக்குப் போற வரைக்கும் நான் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. அது மறுபடி தளிர்த்திருக்குன்னே உங்க கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

ஞாபகம் இருக்கறது ஒண்ணுதான். பொழுது சாயறப்ப அம்மா எலைக்குள்ள கையை விட்டு எதையோ பறிச்சு என்ற தலகாணிக்கு அடியில வெப்பாங்க. பச்சையா இருக்கும். பழுத்த பழ வாசம் அடிக்கும்.

இப்ப எதுக்குங்க அதைக் காப்பாத்தோணும்? மெஷினே எடுத்துட்டுப் போகட்டும்.

வர்ஷினி


கணபதி
20.6.2025

கண்ணு வர்ஷினிக்கு,

நீ எழுதினது நெசம். பூச்சி வருதுன்னு வெட்டினதா அன்னைக்கு எல்லார்கிட்டயும் சொன்னேன். பொய். பட்டறையில இருந்து வந்ததும் உங்கப்பா நேரா அந்தச் செடிகிட்டப் போய் நின்னுக்குவாரு. உள்ள வர அரை மணி நேரமாகும். எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. பொறாமை. வேற பேரு அதுக்கு இல்லை. வெட்டின கெளையை நீ மடியில வெச்சுட்டு ஒக்காந்திருந்தப்பத்தான் என்ன பண்ணிப்போட்டேன்னு ஒறைச்சுது. மழைக்குத் தளிர்த்துச்சு. அன்னையில இருந்து தண்ணி ஊத்தறேன். உன்னைக் கூப்பிட்டுக் காட்ட மூஞ்சி இல்லை.

நேத்து சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுட்டு ஒவ்வொரு கெளையா வெலக்கிப் பார்த்தேன். கொக்கி மாதிரி ஒரு காம்பு, அதுல எலை நெறத்துலயே தடிச்ச இதழோட பூ. இத்தனை வருசமாப் பூத்துட்டுத்தான் இருந்திருக்கு. பழ வாசம் வர்றப்பெல்லாம் பக்கத்து ஊட்டுல இருந்து வருதுன்னு நெனச்சுட்டேன். சென்னகேசவன் நேர்லயே வந்து மோந்து பார்த்தாரு. "மனோரஞ்சிதமுங்க அக்கா. முத்தின செடி, பேர்த்தாப் பொழைக்கறது செரமம். கெளையில பட்டையைச் சீவி, மண்ணு வெச்சுப் பதியம் கட்டி, வேர் விட்டதும் அறுத்து வெக்கோணும். ரெண்டு மூணு மாசமாகும்"ன்னாரு.

அவ்வளவு நாள் எங்க இருக்கு? குழாய் வேலை மேஸ்திரி மாசாணத்துகிட்டப் போய்க் கெஞ்சினேன். தெருவுக்கு அந்தக் கடைசியில இருந்து ஆரம்பிக்கறேன்னு ஒத்துக்கிட்டாரு. மூணு கெளையில பதியம் கட்டியாச்சு.

ஒருவாட்டி வந்து பார்த்துட்டுப் போயேன் கண்ணு.

சித்தி


கணபதி
14.9.2025

கண்ணு,

நீ பதில் போடலை. ஆனாலும் இதைச் சொல்லோணும்.

போன மாசம் மெஷின் நம்ம ஊட்டுப் பக்கம் வந்திருச்சு. அதுக்கு முன்னால பதியத்தை அவுத்துப் பார்த்தோம். ரெண்டு காஞ்சு போச்சு, ஒண்ணுல வெள்ளையா வேர் விட்டிருந்துச்சு. அதை அறுத்துப் பையில வெச்சாச்சு. தாய்ச் செடியையும் மண்ணோட பேர்த்து முன்பக்கம் நட்டோம். பத்து நாள்ல எலையெல்லாம் கொட்டிருச்சு. நேத்து பட்டையைக் கீறிப் பார்த்தேன், உள்ள பச்சை இல்லை. சாகட்டும்னு இந்தவாட்டி நான் வெட்டலை கண்ணு. ஆனா வேரை அறுத்தப்ப அருவாள் என்ற கையிலதான் இருந்துச்சு.

மிச்சமிருக்கற கன்னு உன்னோடது. யார்கிட்டயாவது குடுத்து அனுப்பட்டுமா?

சித்தி


ஓசூர்
21.9.2025

சித்தி,

ஜூன் மாசமே உங்களுக்குப் பதில் எழுதிக் கிழிச்சுப்போட்டேன்.

அப்பா சொல்லித்தான் நீங்க வெட்டினீங்கன்னு இருபத்திரண்டு வருசமா நெனச்சுட்டு இருந்தேன். அம்மாவை மறக்கறதுக்கு அவருதான் வெட்டச் சொன்னாருன்னு. லீவுக்குக்கூட ஊருக்கு வராததுக்கு அதுதான் காரணம். ஆஸ்பத்திரியில அவரு என்ற கையைப் புடிச்சப்ப நான் திருப்பிப் புடிக்கலை. அவரு தினமும் அந்தச் செடிகிட்ட நின்னாருன்னு இப்ப எழுதறீங்க. ஒரே ஒரு வாட்டி, அவரு இருக்கறப்பச் சொல்லியிருக்கலாமுங்க.

கன்னை அனுப்ப வேண்டாம். இங்க மூணாவது மாடி, மண்ணே இல்லை. உங்ககிட்டயே இருக்கட்டும். நல்லாத்தான் பார்த்துக்குவீங்க, அதுல சந்தேகமில்லை.

தீபாவளிக்கு வரமாட்டேன். தையில அப்பாவோட வருசத் திதிக்கு வாரேன். மன்னிச்சுட்டேன்னு எழுதக் கை வரலை. பொய்யா எழுதவும் புடிக்கலை. ஆனா அன்னைக்கு அவருக்கு எலை போடறப்ப நீங்க தனியா நிக்க வேண்டாம். நானும் கூட நிக்கறேன்.

வர்ஷினி