பல்லில் மாட்டாத பிரேக்

மார்ச் 3, செவ்வாய்

இன்று என்னிடம் ஓட்டக் கற்க வரும் நர்ஸ் பெண்ணுக்கு ஏற்றத்தில் வண்டி எடுக்கப் பழக்கினேன். ஏழு தடவை வண்டி அணைந்தது. எட்டாவது தடவை கிளட்சை ரொம்ப அழகாக விட்டாள். வண்டி நகர ஆரம்பித்தது, உடனே அணைந்தது. பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பிரேக்கை மிதித்தது நான். எதற்கு மிதித்தேன்? முன்னால் ஆளே இல்லை.

“அக்கா, நான் சரியாத்தானே விட்டேன்?”

“இல்லம்மா, படக்குன்னு விட்டுட்ட.”

முகம் வாடிப்போனாள். மருத்துவமனையில் ஊசியைத் தயங்காமல் போடுகிற பெண், அதன் பிறகு மிச்ச நேரம் முழுக்கக் கிளட்சைத் தொடவே பயந்தாள்.

மார்ச் 5, வியாழன்

வேலை முடிந்து அண்ணனின் வண்டிப் பட்டறைக்குப் போனேன். ஒருவர் பின் சக்கரத்தில் சத்தம் வருகிறது, பிரேக்கைப் பாருங்கள் என்று வந்து நின்றார். அண்ணன் தலை நிமிரவில்லை. “பிரேக் வேலை நான் பாக்கறதில்ல. எதிர்க்கடைக்குப் போங்க.”

“போர்டுல எழுதியிருக்கே?” என்றார் அவர்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, முக்காலி மேல் நின்று பலகையில் ‘பிரேக்’ என்ற சொல்லின் மேல் சாம்பல் நிறப் பெயிண்ட் பூசிக்கொண்டிருந்தான். நான் போய் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். “கேஸ் ரெகுலேட்டரை மாட்டிட்டு மூணு தடவை என்னைக் கூப்பிட்டு, சரியா இருக்கான்னு பாக்கச் சொல்றார். இருபது வருஷமா வண்டியைப் பிரிச்சு மாட்டுற மனுஷன். கால் முறிஞ்சதைக்கூடத் தாங்கிட்டார், தன் கைவேலை தன்னையே அடிச்சிடுச்சுன்னு நினைக்கறார் பாரு, அதைத்தான் தாங்க முடியல.”

நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன். நாலு மாதமாக.

மார்ச் 14, சனி

எழுதிவிடுகிறேன். எழுதக்கூட முடியாவிட்டால் எப்படிச் சொல்லப்போகிறேன்?

எங்கள் பந்தய வண்டிக்கு முன்சக்கரம்தான் இழுவை. கால் மைல் நேர் ஓட்டம், அவ்வளவுதான். அண்ணன் கட்டினான், நான் ஓட்டினேன். எனக்கு எடை கம்மி, அவனுக்குப் பொறுமை அதிகம், அதனால் அப்படிப் பிரித்துக்கொண்டோம். இந்த மாதிரி வண்டியில் கிளம்பும்போது பாரமெல்லாம் பின்னால் போய்விடும், இழுக்க வேண்டிய முன்சக்கரம் இலேசாகிச் சும்மா சுற்றும். அதனால் கைப்பிரேக்கால் பின்சக்கரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கிளட்சைக் கடிக்கிற இடம் வரைக்கும், அதாவது எஞ்சின் சக்கரத்தை இழுக்கத் தொடங்கும் இடம் வரைக்கும், விட வேண்டும். வண்டி கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி இழுக்கும். பச்சை விளக்கு விழுந்ததும் கைப்பிரேக்கை விட வேண்டும். கிளட்சுக்கு அண்ணன் வைத்த கணக்கு: “முதல் ரெண்டு விரல் தூரம் மெதுவா, மிச்சம் ஒரே மூச்சுல.”

சாதாரண வண்டியில் கைப்பிரேக்கை இழுத்தால் அது உள்ளே இருக்கும் பல்லில் மாட்டி நிற்கும். நாங்கள் மாட்டவிடுவதில்லை. பிடியின் நுனியில் இருக்கும் பட்டனை அழுத்தியபடியே கையால் இழுத்துப் பிடித்திருப்பேன். அப்போதுதான் ஒரு நொடிகூட வீணாகாமல் விட முடியும். ஆக வண்டியை நிறுத்தி வைத்திருப்பது என் கை மட்டும்தான்.

நவம்பர் கடைசிப் பந்தயம். ஓடுவதற்கு முன் டயரைச் சூடாக்க, அதே மாதிரி கைப்பிரேக்கைப் பிடித்தபடி ஈரத்தில் நிறுத்தி முன்சக்கரத்தைச் சுற்றவிடுவோம். இரண்டு டயரிலும் புகை சமமாக வருகிறதா என்று பார்க்க அண்ணன் நேர் முன்னால் நிற்பான். அப்படி நிற்காதீர்கள் என்று ஓடுதளத்துக்காரர்கள் எத்தனையோ தடவை சொன்னார்கள். “என் தங்கச்சி கை” என்று சிரிப்பான்.

எங்கள் தடத்தில் கோட்டில் வண்டி இல்லை. பக்கத்துத் தடத்தில் ஒருவன் தனியாக ஓட நின்றிருந்தான். அவனுக்குப் பச்சை விழுந்தது. என் கண்ணோரத்தில் பச்சை. நாலு வருடப் பழக்கம். பச்சை என்றால் கை விடும். விட்டுவிட்டது.

அது என் பச்சை இல்லை. எனக்குத் தெரியும், அது என் பச்சை இல்லைன்னு எனக்குத் தெரியும், ஆனா கை—

அண்ணன் இடதுபக்கம் தாவினான், வலது கால் மாட்டிக்கொண்டது. வண்டி திரும்பி, பின்பக்கம் ஓரச் சுவரில் உரசி நின்றது. அந்த உரசலில் பின்சக்கரத்துப் பக்கம் கைப்பிரேக் கேபிளைப் பிடித்திருந்த கிளாம்ப் நழுவியிருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அதைப் பார்த்தான். “நான் சரியா முறுக்கல பாப்பா. உன் மேல தப்பில்ல, அழாதே” என்றான்.

அழுதேன். வாயைத் திறக்கவில்லை. அப்போது திறந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லத்தான் போனேன். உள்ளே நுழைந்ததும் அண்ணன், “வர்ற ஞாயிறு எஞ்சினை இறக்கிடலாம். இந்த வண்டி இனி வேணாம். நான் கட்டினது ஒண்ணும் வேணாம்” என்றான். அண்ணி என்னைப் பார்த்தாள், நீயாவது ஏதாவது சொல்லேன் என்கிற மாதிரி.

“சரிண்ணே” என்றேன். சரியாம்! என்னை என்ன செய்தால் தகும்?

மார்ச் 17, செவ்வாய்

நர்ஸ் பெண்ணிடம் சொன்னேன். “ரெண்டு வாரம் முன்னாடி ஏத்தத்துல நீ சரியாத்தான் விட்ட. பிரேக்கை மிதிச்சது நான். பொய் சொன்னேன்.”

கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ என் காலுக்கு ஒண்ணும் இல்லையாக்கா? நான் ரெண்டு வாரமா எனக்கு இது வரவே வராதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.”

அப்புறம் ஒன்பது தடவை ஏற்றத்தில் எடுத்தாள். ஒரு தடவைகூட அணையவில்லை. நான் இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் சுமந்ததற்கே இப்படி. அவன் நாலு மாதம்.

மார்ச் 18, புதன்

சொல்லிவிட்டேன்.

அண்ணன் ஏதோ ஒரு மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்துத் தடம், பச்சை, கை. கிளாம்ப் சுவரில் உரசித்தான் நழுவியது, அதற்கு முன்னால் நன்றாகத்தான் இருந்தது என்று இரண்டு தடவை சொன்னேன். அவன் மூடியைக் கீழே வைத்தான்.

“நாலு மாசமாவா?”

“ஆமாண்ணே.”

“நான் போர்டுல பெயிண்ட் அடிச்சப்போ முக்காலியைப் பிடிச்சது நீதானே?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“வீட்டுக்குப் போ” என்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நின்றிருப்பேன்.

மார்ச் 19, வியாழன்

அண்ணி போன் செய்தாள். “கைதவறிப் போறது யாருக்கும் நடக்கும், அதை நான் கேக்கல. தினம் எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டியே, எப்படி இறங்குச்சு?” வைத்துவிட்டாள். நியாயமான கேள்வி. எப்படி இறங்கியது?

மார்ச் 22, ஞாயிறு

எஞ்சினை இறக்கக் கூப்பிடவில்லை. இறக்கினானா தெரியாது.

மார்ச் 29, ஞாயிறு

போன் இல்லை. அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

ஏப்ரல் 4, சனி

காலையில் அண்ணன் கூப்பிட்டான். “பட்டறைக்கு வா.” அவ்வளவுதான்.

வண்டி பின்முற்றத்தில் நின்றது. எஞ்சின் உள்ளேதான் இருந்தது. தரையில் தண்ணீர் ஊற்றியிருந்தான். ஓட்டுகிற இருக்கையில் அவன்.

“கிளாம்ப்பைப் புதுசா மாட்டியிருக்கேன். முன்னால போய் நில்லு.”

நான் அசையவில்லை. அண்ணி பின்வாசலில் நின்று, “வேணாங்க” என்றாள். அவன் காது கொடுக்கவில்லை. “நில்லு பாப்பா.”

போய் நின்றேன். நாலு வருடம் அவன் நின்ற அதே தூரம். வண்டி உறுமியது, கிளட்சை விட்டான், முன்சக்கரம் இரண்டும் ஈரத்தில் சுற்ற ஆரம்பித்தன. புகை காலைச் சுற்றி ஏறியது. ஓடிவிடலாமா? ஓடினால் இந்த ஜென்மத்தில் அவன் முகத்தில் விழிக்க முடியாது. கண்ணாடி வழியாக அவன் கையைத் தேடினேன். தெரியவில்லை. முகம் மட்டும்தான் தெரிந்தது. தாடை இறுகியிருந்தது, கண் என் மேலேயே இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அணைத்தான். இறங்கக் கொஞ்சம் நேரமானது, காலைத் தூக்கி வெளியே வைத்தான்.

“என்ன தெரிஞ்சுது?”

“உன் மூஞ்சி.”

“கை?”

“தெரியலண்ணே.”

“எனக்கும் அப்படித்தான். உன் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் நாலு வருஷம் நின்னேன்.” ஊன்றுகோலை எடுத்தான். “பட்டனை அழுத்திப் பிடிச்சுட்டு இருக்கறது லேசில்ல. எனக்கே கை மரத்துப்போச்சு. கை தவறினா தவறிடுச்சுன்னு சொல்லணும். அந்த நிமிஷமே சொல்லணும். பெரிய தப்பு பண்ணிட்ட.”

“ஆமாண்ணே.”

அண்ணி தண்ணீர் கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்தாள். எனக்கும் ஒரு டம்ளர் இருந்தது.

ஏப்ரல் 8, புதன்

நர்ஸ் பெண் ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டாள். ஏற்றத்தில் எடுக்கச் சொன்னார்களாம்.

ஏப்ரல் 11, சனி

பட்டறை வழியாகவே போனேன். பலகையில் சாம்பல் பெயிண்டை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தான். முக்காலியைப் பிடிக்கப் போனேன். “வேணாம், நானே நிப்பேன்” என்றான். தள்ளி நின்று பார்த்தேன். பாதி சொல் வந்துவிட்டது.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஓடுதளத்துக்குப் போனோம்.

டயர் சூடாக்கும்போது அண்ணன் நேர் முன்னால் நிற்கவில்லை. ஓரமாக, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றான். அவன் அங்கே போகும் வரைக்கும் நான் சாவியைத் தொடவே இல்லை.

கோட்டில் நிறுத்தினேன். கைப்பிரேக், பட்டன், கிளட்ச் கடிக்கிற இடம். பச்சை விழுந்தது. என் பச்சைதானா என்று ஒரு தடவை பார்த்தேன். பிறகுதான் கையை விட்டேன்.

பக்கத்துத் தடத்து வண்டி அதற்குள் இரண்டு வண்டி நீளம் முன்னால் போயிருந்தது. தோற்றுப்போனோம்.

அண்ணன் ஓடிய நேரம் அச்சிட்ட சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தான். “லேட்டா விட்டிருக்க” என்றான்.

“ஆமாண்ணே. பாத்துட்டு விட்டேன்.”

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச தூரம் ஊன்றி நடந்த பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

“அடுத்த ஓட்டத்துல கிளட்சை முதல் ரெண்டு விரல் இன்னும் மெதுவா விடு.”