தேர் திரும்பும்போது பேசாதே

மாசி 8, புதன்

காலையிலேயே வெயில். ஆறரைக்கே கேபிள் ஆபீஸ். பீங்கான் கம்பெனியின் வாஷ்பேசின் விளம்பரம் படிக்க வேண்டும். அதற்கு முன் பனிச்சறுக்கு நடனம்.

பெரிய டிஷ்ஷில் மூன்று சேனல், ஒரே போட்டி. ஒரே பெண், ஒரே நீலப் பாவாடை, மூன்று வாய். இங்கிலீஷ்காரர் அவள் தாவுவதற்குள் தாவலுக்குப் பேர் சொல்லிவிடுகிறார். நம் சேனலில் தேர் வர்ணனை சொல்லும் புலவருக்கு அண்ணன். இந்தி ஜோடிக்கு உடுப்பைப் பற்றியே பேச்சு. மூன்றாவது எந்த நாடோ, என்ன மொழியோ. வர்ணனைக்கு ஒரு பொம்பளை. ஆட்டம் முடிகிறவரை வாய் திறக்கவில்லை. ஷூவுக்கு அடியில் இருக்கும் கத்தி பனியைக் கீறுவதுகூடக் கேட்டது. முடிந்ததும் ஒரே வார்த்தை. எனக்குப் புரிந்தது.

நம் லோக்கல் சேனலில் வருஷா வருஷம் தேருக்கு அந்தப் புலவர்தான். இப்போது அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முதலாளி சேகர் அண்ணன் என்னை உட்காரச் சொல்லிவிட்டார். சரியாக வந்தால் தெப்பத் திருவிழா வர்ணனையும் எனக்கு. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் வாஷ்பேசின். வரும். வராமல் என்ன.

மாசி 10, வெள்ளி

இறுதிச் சுற்று. ஒரு பெண் விழுந்தாள். இங்கிலீஷ்காரர் ஒப்பாரி. இந்தி ஜோடியும் கூடவே. என் மூன்றாவது சேனல்காரி மட்டும் அவள் எழுந்து ஆடி முடித்த பிறகுதான் பேசினாள். முடிவு செய்துவிட்டேன். தேர் திரும்பும் முனையில் நானும் அப்படித்தான். அண்ணனிடம் சொன்னால் விடமாட்டார். சொல்லவில்லை.

சாம்பார் அடிபிடித்தது. தேங்காய் வாங்க மறந்தாச்சு.

மாசி 14, செவ்வாய்

தேர். மாடியில் மைக். காலை முழுக்க நன்றாகப் பேசினேன், நானே சொல்கிறேன்.

தெற்கு வீதி முனை வந்தது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தடியில் குனிந்தார்கள். வாயை மூடினேன். வடம் இழுபடும் சத்தம். சக்கரத்தின் முனகல். கட்டைக்காரர் ஒருவரின் குரல்: "போடு... எடு... போடு."

அண்ணன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். சவுண்டு போச்சு என்று ஆபீசுக்குப் போன் மேல் போனாம். திரையில் 'ஒலித் தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எழுத்து ஓடவிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"பேசும்மா, மானம் போவுது."

பொறுங்கள் என்று கை காட்டினேன். தேர் முழுசாகத் திரும்பியது. மைக்கில் "திரும்பிடுச்சு" என்றேன். அவ்வளவுதான்.

சாயங்காலம் அண்ணன் முகம் கொடுக்கவில்லை. தெப்பத்துக்குப் புலவர் வெந்நீர் கொப்பளிக்கிறாராம். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். செய்தது சரிதான். அழுகை வேறு, அது வேறு.

மாசி 15, புதன்

மகம். மேகமூட்டம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மறுபடி வாஷ்பேசின்.

ஆபீசுக்கு ஒரு போன். இன்னொரு சவுண்டு புகார் என்று நினைத்து, எனக்கும் உறைக்கட்டும் என்று அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். பேசியது அந்தக் கட்டைக்காரரின் மனைவி. பயத்தில் தேரன்றைக்கு வெளியே வரமாட்டாராம், டிவியில்தான் பார்ப்பாராம்.

"வருஷா வருஷம் அவரு சக்கரத்துக்கிட்ட குனியறப்ப உசுரக் கையில புடிச்சிக்கிட்டு இருப்பேங்க. கூட்டத்துல ஆளு தெரியாது. இந்த வருஷந்தான் அவரு கொரலு வூட்டுக்குள்ள கேட்டுச்சு. கேக்குற வரைக்கும் நல்லாதான் இருக்காருன்னு உக்காந்திருந்தேன்."

அண்ணன் போனை வைத்தார். பேப்பரும் பேனாவும் எடுத்தார்.

"தெப்பத்துல எந்த எடத்துல பேசமாட்டன்னு இப்பவே சொல்லிடும்மா. கீழ ஓடுற எழுத்த மாத்தணும்."

என்னவென்று மாற்றுவீர்கள் என்று கேட்டேன்.

"சவுண்டு நல்லாத்தான் இருக்குதுன்னு."