கலா தாண்டாத பக்கம்

ஞாயிறு, ஆவணி 14.

தில்லை நகரில் இன்று எங்கள் வாசகர் வட்டம் கூடியது. இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசினோம். கடைசியில் என் மனைவி கலா எழுந்தாள்.

"இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தின ஒருத்தி, பெட்டியில துணி அடுக்குறா. அந்தப் பக்கத்துலயே மூணு வாரமா நிக்கிறேங்க. தாண்ட முடியல."

எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டில் அவள் இவ்வளவு பேசிப் பல நாளாகிறது. எங்களுக்கும் இருபத்தைந்து வருஷம்தான்.

ஸ்ரீரங்கம் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே கேட்டேன். "அவ போயிடுறாளா?"

"முடிவைச் சொல்லக்கூடாதுன்னு வட்டத்துல விதி போட்டதே நீங்கதானே?" என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

இப்போது தூங்குகிறாள். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அடையாளத்துக்கு அவள் வைத்திருந்த பஸ் டிக்கெட் கடைசிப் பக்கத்தில் இருந்தது. எப்போதோ படித்து முடித்திருக்கிறாள்.

அந்தப் பக்கத்தில் நாலே வரிதான். படிக்கத் தைரியம் வரவில்லை. அவளை எழுப்பிக் கேட்கவும் வரவில்லை. மூடி வைத்துவிட்டு, பரணில் எங்கள் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன்.

இருக்கிறது. மேலே தூசி இல்லை.